பைலா இசை: தோற்றமும் வளர்ச்சியும்

பைலா என்பது இலங்கையில் தோன்றி வளர்ந்த ஓர் ஆடலிசை வகை. போர்த்துக்கீசியரின் பாட்டும், அவர்களால் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும், இலங்கை மக்களின் மொழிகளும் கலந்து உருவான இசை இது. கிட்டார், வயலின், ரபான் எனப்படும் ஒருமுகத் தோற்கருவி, கைதட்டல் ஆகியவை இதன் அடிப்படைத் துணைகள். திருமணம், பிறந்தநாள், சுற்றுலா, கிரிக்கெட் ஆட்டம் என்று இலங்கையில் மகிழ்ச்சி பொங்கும் இடங்களில் எல்லாம் பைலா ஒலிக்கிறது.

தமிழ்நாட்டில் பைலா என்ற பெயரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் 'சுராங்கனி' பாட்டைக் கேளாதவர்கள் அதனினும் குறைவு. கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கையின் பின்புறத்தைத் தட்டித் தாளமிட்டு மாணவர்கள் பாடும் அந்தப் பாட்டு பைலா வகையைச் சேர்ந்தது. பேருந்து இருக்கையில் விழும் அந்தத் தட்டலின் பின்னால் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அரசவையோ கோயிலோ அரசாங்கமோ ஆதரித்து வளர்த்த இசை அல்ல இது. மொழியை மாற்றிக்கொண்டே வாழ்ந்த இசை. தாளம் நிலைத்தது, ஆனால் அதை முதலில் சுமந்துவந்த மக்களின் மொழியும் பெயரும் பெரும்பாலும் மறக்கப்பட்டன.

பெயர்க் காரணம்

போர்த்துக்கீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுதல். 'பைலே' என்றால் ஆட்டம் அல்லது ஆட்ட விருந்து. ஸ்பானிய மொழியிலும் இச்சொற்கள் உண்டு. இவ்வேரிலிருந்தே பைலா என்ற பெயர் வந்தது. ஆட்டத்தையும் பாட்டையும் ஒரே சொல்லால் குறிப்பது இதன் இயல்பைக் காட்டுகிறது. பைலாவை உட்கார்ந்து கேட்பவரை விட எழுந்து ஆடுபவரே அதிகம்.

பைலாவுக்கு முந்தைய வடிவத்தின் பெயர் காப்ரிஞ்ஞா. ஆப்பிரிக்க வழிவந்தோரைக் குறித்த 'காப்பிரி' என்ற சொல்லுடன், சிறியது அல்லது அன்புக்குரியது என்னும் பொருள்தரும் போர்த்துக்கீசிய விகுதி சேர்ந்து இப்பெயர் அமைந்ததாகக் கொள்வர். காப்பிரி என்பது இறைநம்பிக்கையற்றவர் எனப் பொருள்படும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. தென்னாப்பிரிக்காவில் இச்சொல் கடும் வசையாகக் கருதப்படுகிறது. இலங்கையிலோ அச்சமூகத்தினர் தம்மைக் குறிக்கத் தாமே இதைப் பயன்படுத்துகின்றனர்.

இலத்தீன் இசையின் உறவு

இலத்தீன் ஆடலிசை என்றதும் கியூபாவின் ரும்பா, மாம்போ, பிரேசிலின் சம்பா, பின்னாளில் நியூயார்க்கில் வளர்ந்த சல்சா ஆகியவை நினைவுக்கு வரும். இவற்றின் பிறப்பில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஐபீரிய நாடுகளான ஸ்பெயினும் போர்ச்சுகலும் தம் கிட்டார் வகைக் கருவிகளையும் பாட்டு முறைகளையும் கடல் கடந்து கொண்டுசென்றன. அதே கப்பல்களிலும் அவற்றின் பின்னும் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் இவ்விரு இசை மரபுகளும் சந்தித்தபோது புதிய ஆடலிசைகள் பிறந்தன.

அட்லாண்டிக் கடலில் நடந்த இந்தச் சேர்க்கை இந்தியப் பெருங்கடலிலும் நடந்தது. கோவாவிலும் மலாக்காவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் போர்த்துக்கீசியத் தொடர்பால் கலப்பிசைகள் தோன்றின. மலாக்காவின் பிரன்யோ ஆட்டமும் இந்தோனேசியாவின் கெரோஞ்சோங் இசையும் இவ்வகையின. மலாக்காவில் புகழ்பெற்ற 'ஜிங்லி நோனா' என்ற பாட்டின் உறவுப் பாடல்கள் இலங்கைப் பறங்கியரிடமும் இருந்தன. எனவே பைலாவைச் சல்சாவுக்கும் சம்பாவுக்கும் கிழக்குக் கடலில் பிறந்த உடன்பிறப்பு எனலாம்.

போர்த்துக்கீசியர் வருகை

போர்த்துக்கீசியர் 1505-ஆம் ஆண்டு இலங்கையில் கரையிறங்கியதாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. வணிகத்துக்காக வந்தவர்கள் படிப்படியாகக் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றினர். 1619-இல் யாழ்ப்பாண அரசும் அவர்கள் வசமானது. படைவீரர், மாலுமிகள், பாதிரிமார், கைவினைஞர் எனப் பலரும் வந்து தங்கினர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். இக்கலப்பில் உருவான குடும்பங்களில் போர்த்துக்கீசியமும் உள்ளூர் மொழிகளும் கலந்த ஒரு கிரியோல் மொழி பேசப்பட்டது. கிரியோல் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் கலந்து, ஒரு தலைமுறைக்குத் தாய்மொழியாகவே ஆகிவிடும் மொழி.

போர்த்துக்கீசியச் சொற்கள் தமிழில் எவ்வளவு ஆழமாக ஊன்றின என்பதற்கு நம் வீடுகளே சான்று. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, பாதிரி, ஏலம் ஆகிய சொற்கள் அவர்கள் வழியாக வந்தவை. சென்னை சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் அவர்களின் குடியிருப்பு இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் சொற்கள் தங்கிய அளவுக்கு இசை தங்கவில்லை. இலங்கையில் கிரியோல் பேசும் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததால், அங்கே பாட்டும் ஆட்டமும் சேர்ந்து தங்கின.

ஒல்லாந்தர் காலம்

1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றியதோடு போர்த்துக்கீசியர் ஆட்சி முடிந்தது. புதிய ஆட்சியாளர்கள் கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கினர். போர்த்துக்கீசிய மொழியின் பயன்பாட்டையும் குறைக்க முயன்றனர். ஆயினும் கரையோர நகரங்களில் பல இனத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழியாகக் கிரியோல் வேரூன்றிவிட்டிருந்தது. ஒல்லாந்து அதிகாரிகளின் வீடுகளிலேயே மனைவியரும் பணிப்பெண்களும் அடிமைகளும் குழந்தைகளும் கிரியோல் பேசினர். ஆட்சி தோற்றும் மொழி தோற்காத இந்த விந்தையால்தான் பாட்டும் பிழைத்தது.

ஒல்லாந்தரும் அடிமைகளை வைத்திருந்தனர். கொழும்பில் அவர்கள் அடிமைகளைத் தங்கவைத்த பகுதி ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்னும் பொருள்படும் பெயரால் அறியப்பட்டது. தமிழில் அது கொம்பனித் தெரு. இன்று கடைகளும் உயர்ந்த கட்டடங்களும் நிறைந்த அப்பகுதியில் நடப்பவர்களுக்கு இந்த வரலாறு எளிதில் தென்படாது.

காப்பிரியரும் மாஞ்ஞாவும்

ஆங்கிலேயர் 1796-இல் கரையோரங்களைக் கைப்பற்றிய பின்னரும் ஆப்பிரிக்கர்கள் படைவீரர்களாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். இலங்கையில் அடிமை முறை 1844-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டபின் சிலர் புத்தளம் பகுதியில் குடியேறினர். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடி என்னும் ஊரில் இன்றும் வாழ்கின்றனர்.

இவர்களின் பாடல்கள் மாஞ்ஞா எனப்படுகின்றன. கிரியோல் மொழியில் அமைந்த சில அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவதும், மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போவதும் இவற்றின் இயல்பு. ரபானோடு தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் புட்டி, மரக்கட்டை ஆகியவை தாளக் கருவிகளாகின்றன. வீட்டுச் சமையலறையே இசைக்குழுவாகிறது. இன்றைய தலைமுறை சிங்களமே பேசுகிறது. மாஞ்ஞாவின் சொற்களுக்கு முழுப்பொருள் தெரியாமலேயே பாடுவோரும் உண்டு. மூதாதையரிடமிருந்து அவர்களிடம் மிஞ்சியிருக்கும் முதன்மையான உடைமை இந்தப் பாட்டுகளே.

மட்டக்களப்புப் பறங்கியரும் காப்ரிஞ்ஞாவும்

போர்த்துக்கீசிய வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தொடர்ந்து வாழ்கின்றனர். தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்கள் இவர்களின் மரபுத் தொழில்கள். தமிழர் நடுவே வாழ்வதால் இவர்கள் அனைவரும் தமிழ் பேசுவர். இவர்களுடைய கிரியோலின் வாக்கிய அமைப்பிலும் தமிழின் சாயல் உண்டு: ஐரோப்பிய மொழிகளைப் போலன்றித் தமிழைப் போலவே வினைச்சொல் பெரும்பாலும் வாக்கிய இறுதியில் வரும்.

இவர்களின் திருமணங்களில் காப்ரிஞ்ஞா ஆட்டம் முக்கிய இடம் பெறுகிறது. இணைகள் எதிரெதிரே நின்று, கைகளை உயர்த்தி, காலடி மாற்றி ஆடுவர். வயலினும் ரபானும் கிட்டார் வகைக் கருவியும் இசைக்கப்படும். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கிலேய அரசு அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் சேகரித்த சுவடிகளில் மட்டக்களப்புப் பகுதியின் கிரியோல் பாடல்களும் உள்ளன. பிற்காலத்தில் கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். காதல், கேலி, மாமியார்–மருமகன் சீண்டல், கடல், மோதிரம் முதலியவை அப்பாடல்களின் பொருள்கள். இன்றைய பைலாவிலும் கேலியும் சீண்டலும் குறையவில்லை.

தாள அமைப்பு

பைலாவை அடையாளம் காட்டுவது அதன் தாளம். மேலைக் குறியீட்டில் ஆறு–எட்டு எனப்படும் இதைத் தமிழ் மாணவர் 'தகிட தகிட' என்று சொல்லிப் பார்த்தால் எளிதில் பிடிபடும். அதாவது நம் திஸ்ர நடைக்கு மிக நெருக்கமானது. ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாக இரண்டு பகுதிகளாகவும் பிரிக்கலாம்; இரண்டு இரண்டாக மூன்று பகுதிகளாகவும் பிரிக்கலாம். ஒரு கருவி ஒரு வகையிலும் மற்றொன்று வேறு வகையிலும் எண்ணும்போது கேட்பவரின் உடல் தானாக அசைகிறது. ஐபீரிய இசையிலும் ஆப்பிரிக்க இசையிலும் இந்த இரட்டை எண்ணிக்கை பரவலாக உண்டு. இரண்டும் சந்தித்தபோது எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. திஸ்ர நடை இலங்கை மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும் அயலானதன்று. நம் நாட்டுப்புறப் பாடல்கள் பலவும் இந்நடையில் அமைந்தவை. வந்த விருந்தாளி தன் வீட்டுச் சொல் ஒன்றைச் சொன்னதும் உறவு பிறப்பது போல, பைலாவின் தாளம் உள்ளூர்க் காதுகளுக்கு உடனே உறவானது.

வாலி பஸ்தியன்ஸும் வாத பைலாவும்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காப்ரிஞ்ஞா பெரும்பாலும் பறங்கியர் வீடுகளுக்குள்ளும் கரையோர ஊர்களுக்குள்ளும் இருந்தது. அதைச் சிங்கள மக்களின் பொது இசையாக மாற்றியவராக வாலி பஸ்தியன்ஸ் போற்றப்படுகிறார். இவர் காவல்துறையில் பணியாற்றியவர். 1940-களில் காப்ரிஞ்ஞாவின் தாளத்துக்கு எளிய சிங்களச் சொற்களை இட்டுப் பாடத் தொடங்கினார். 'நர்ஸ் நோனா', 'ஐரீன் ஜோசபின்' ஆகியவை இவருடைய புகழ்பெற்ற பாடல்கள். 'நோனா' என்பது சீமாட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசிய வழிச் சொல். பாட்டின் மொழி மாறியபோதும் பழைய மொழியின் துணுக்குகள் இப்படி ஒட்டிக்கொண்டிருந்தன.

இவர் காலத்தில் பரவிய மற்றொரு வடிவம் வாத பைலா. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடகர்கள் மேடையேறி, கொடுக்கப்பட்ட பொருளில் உடனுக்குடன் பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவர். சந்தம் பிசகக்கூடாது, எதிராளியின் கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவக்கூடாது. நடுவர்கள் வெற்றியாளரை அறிவிப்பர். தமிழ்நாட்டின் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று நடக்கும் எதிர்ப்பாட்டை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. படிப்பறிவு குறைந்த தொழிலாளியும் நாவன்மையால் மேடையில் வெல்ல முடிந்தது. பைலா கிராமங்களுக்குள் பரவியதற்கு இது பெரிதும் உதவியது.

அடுத்த தலைமுறையில் எம். எஸ். பெர்னாண்டோ, மேக்ஸ்வெல் மெண்டிஸ், அன்ரன் ஜோன்ஸ், டெஸ்மண்ட் டி சில்வா, நிகால் நெல்சன் முதலியோர் புகழ்பெற்றனர். எம். எஸ். பெர்னாண்டோவை மக்கள் பைலா மன்னன் என்றே அழைத்தனர். அன்ரன் ஜோன்ஸ் நாட்டு நடப்புகளைப் பாட்டாக்கினார். 1975-இல் தூக்கிலிடப்பட்ட மரு சிரா என்ற குற்றவாளியைப் பற்றிய அவருடைய பாட்டு பரவலாகப் பாடப்பட்டது. ஒரு காலத்தில் நம் ஊர்ச் சந்தைகளில் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துக்கு இது இலங்கைச் சிங்களத்தின் இணை.

கரீபியக் காற்று

1950-களின் பிற்பகுதியில் பைலாவின் பக்கம் மற்றொரு கடற்காற்று வீசியது. 1956-இல் ஹாரி பெலஃபோன்டே வெளியிட்ட 'கலிப்சோ' இசைத்தட்டு உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது. அதனோடு மெக்சிகோ நாட்டுக் கிட்டார்க் குழுக்களின் பாணியும் இலங்கை இளைஞரை ஈர்த்தது. நெவில் பெர்னாண்டோவின் 'லாஸ் கபலேரோஸ்', நோயல் ரணசிங்கவின் 'லா சிலோனியன்ஸ்' எனக் குழுக்களின் பெயர்களே ஸ்பானியச் சாயலில் அமைந்தன. மூவர் நால்வர் கிட்டார் ஏந்தி, குரல்களை அடுக்கி, சிங்களத்தில் பாடினர்.

கவனித்தால் இதில் ஒரு வட்டம் நிறைவதைக் காணலாம். ஆப்பிரிக்கர்களையும் ஐபீரியர்களையும் சுமந்த கப்பல்கள் 16-ஆம் நூற்றாண்டில் இரு திசைகளில் பிரிந்து சென்றன. அவற்றின் இசைப் பிள்ளைகள் 20-ஆம் நூற்றாண்டில் இசைத்தட்டு வழியாகக் கொழும்பில் சந்தித்துக்கொண்டன. அதனால்தான் கலிப்சோ பாணியும் பைலாவும் ஒரே மேடையில் தடையின்றி இணைந்தன. பின்னர் மின் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்தன. சுனில் பெரேராவின் 'ஜிப்சீஸ்' குழு பைலாவை அரசியல் கேலிக்கும் சமூக விமர்சனத்துக்கும் பயன்படுத்தியது. அவர் 2021-இல் மறைந்தார்.

வானொலியின் பங்கு

கொழும்பில் 1925-இல் தொடங்கிய வானொலி ஒலிபரப்பு 1949-இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட சக்திமிக்க சிற்றலை ஒலிபரப்பி அதற்குக் கிடைத்தது. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952-இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒடுக்கப்பட்டபோது, இந்திய நேயர்கள் இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பினர். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினரின் குரல்களைப் போலப் பழகின.

1960-களில் தொழிற்சாலைகள் பெருகி, வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறிய அம்பத்தூர், ஆவடி போன்ற சென்னைப் புறநகர்களிலும், பழைய ஊரான பூந்தமல்லியிலும் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது முதன்மையாகத் திரைப்பாடல் நிலையம். ஆயினும் அதன் இடுக்குகளில் ஈழத்துத் துள்ளிசையும் வந்து சேர்ந்தது.

தமிழ்ப் பொப் இசை

இலங்கைத் தமிழரிடையே பைலாவின் தாளம் 'பொப் இசை' அல்லது 'துள்ளிசை' என்ற பெயரில் புது வாழ்வு பெற்றது. இதன் முன்னோடியாகக் கருதப்படுபவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த இவர் வேளாண்மைக் கல்வி கற்றவர். 1960-களின் இறுதியில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்தபோது பாடத் தொடங்கிய 'சின்ன மாமியே' என்ற பாட்டு நாடெங்கும் பரவியது. மாமியிடம் அவர் மகளைப் பற்றி விசாரிக்கும் குறும்புப் பாட்டு அது. மட்டக்களப்புப் பறங்கியரின் கிரியோல் பாடல்களில் இருந்த மாமியார் சீண்டலோடு அதை ஒப்பிட்டால், தாளத்தோடு குறும்பும் பயணம் செய்தது புலனாகும்.

அவருடைய மற்றொரு பாட்டான 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடிக்க வேண்டாம் என்று அறிவுரை சொல்கிறது. குடிவிருந்துகளில் ஆடப்பட்ட தாளத்திலேயே குடிக்கு எதிரான பாட்டு அமைந்தது இதன் சுவை. பேச்சுத் தமிழும் யாழ்ப்பாண வழக்கும் எளிய மெட்டும் இப்பாடல்களின் பலம். 1970-களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, உள்ளூர்த் தமிழ்ப் படைப்புகளுக்கு வரவேற்பு கூடிய காலம் அது. திரைப்பாடலின் நிழலில் இருந்த ஈழத்துத் தமிழ் மெல்லிசைக்குத் தனிமுகம் கொடுத்தவற்றுள் பொப் இசையும் ஒன்று.

சுராங்கனியின் பயணம்

இவ்வலையில் பெரும்புகழ் பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். மேடையில் ஆடிப் பாடும் இவருடைய பாணி தனித்துவமானது. 1978-இல் வெளிவந்த 'வாடைக்காற்று' என்ற ஈழத்துத் திரைப்படத்திலும் நடித்தார். சுராங்கனி என்ற பெண்ணுக்குக் கடலிலிருந்து மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் அவருடைய சிங்களப் பாட்டு, தமிழ் அடிகளும் சேர்ந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. 1977-இல் வெளியான 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் சுராங்கனி இடம்பெற்றது. மனோகரன் தமிழ்நாட்டிலேயே தங்கித் திரைப்படங்களிலும், பின்னர் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். சிலோன் மனோகர் என்று அறியப்பட்ட அவர் 2018 சனவரியில் சென்னையில் காலமானார்.

பாட்டின் சிங்கள அடிக்குப் பொருள் தெரியாமலேயே தமிழ்நாட்டு மாணவர்கள் அதைப் பாடினர். புத்தளம் காப்பிரியர் பொருள் முழுதும் அறியாமல் மாஞ்ஞா பாடுவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சொல்லின் பொருள் உதிர்ந்த பின்னும் தாளம் பிழைப்பதற்கு இவை இரண்டும் சான்றுகள்.

1983 சூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையும், தொடர்ந்த போரும் இந்தக் கொண்டாட்ட இசையின் சூழலைக் குலைத்தன. பாடகரும் நேயரும் ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பா என்று சிதறினர். நித்தி கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். ஈழத்தில் எழுச்சிப் பாடல்களின் காலம் தொடங்கியது. புலம்பெயர்ந்தோர் விழாக்களில் பழைய பொப் பாடல்கள் ஊர் நினைவாக மீண்டும் ஒலிக்கின்றன.

தூற்றலும் ஏற்பும்

பைலா நெடுங்காலம் தாழ்வாகவே பார்க்கப்பட்டது. அந்நியர் விட்டுச்சென்ற எச்சம், குடிகாரர் கூத்து, கருத்தாழம் அற்றது என்பவை பண்டிதர்கள் வைத்த குறைகள். விடுதலைக்குப் பின் தேசியப் பண்பாட்டைத் தேடியவர்கள் வட இந்திய இராக மரபையும் நாட்டுப்புற மரபையும் உயர்த்திப் பேசினர். போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய இசைக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் கானா சந்தித்த இகழ்ச்சியும் இதைப் போன்றதே. இரண்டையும் பாடியவர்கள் உழைக்கும் மக்கள். இரண்டையும் இகழ்ந்தவர்களின் குற்றச்சாட்டுகளும் ஏறத்தாழ ஒன்றே.

பைலா பாடல்களில் வெறும் கேளிக்கையும் பெண்களைக் கேலிப் பொருளாக்கும் வரிகளும் உள்ளன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்நியம் என்ற குறை நிற்காது. இந்த இசையைச் சுமந்து வந்தவர்கள் ஆண்டவர்கள் மட்டுமல்லர். தம் விருப்பமின்றிக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களும் அவர்களில் அடங்குவர். ஆட்சியாளர்கள் 1658-இல் வெளியேறினர். மிஞ்சிய ஏழைக் குடும்பங்களே பாட்டைக் காத்தன.

காலப்போக்கில் பைலா தேசிய அடையாளமாகவே ஆனது. பள்ளிகளுக்கிடையிலான கிரிக்கெட் ஆட்டங்களில் எக்காளமும் முரசும் முழங்கும் 'பப்பரே' குழுக்கள் பைலா மெட்டுகளையே இசைக்கின்றன. இலங்கை அணி ஆடும் வெளிநாட்டு மைதானங்களிலும் அவ்வொலியைக் கேட்கலாம்.

இன்றைய நிலை

இசை வளர்ந்த அளவுக்கு அதன் முதல் உரிமையாளர்களின் நிலை வளரவில்லை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்சு பார் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த பறங்கியரில் பலரைப் பலிகொண்டது. ஏற்கெனவே சிறிதாக இருந்த சமூகத்துக்கு இது பேரிழப்பு. இளைய தலைமுறையினர் தமிழும் ஆங்கிலமும் பேசுகின்றனர். கிரியோல் பேசுவோர் எண்ணிக்கை சுருங்கிவருகிறது. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ தலைமையிலான ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் அம்மொழியையும் பாடல்களையும் ஆட்டங்களையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து ஆவணப்படுத்தியுள்ளனர். மட்டக்களப்பில் திருமண வீடுகளில் காப்ரிஞ்ஞா இன்னும் ஆடப்படுகிறது.

ஒரு மொழி அழியும்போது அதன் பாட்டும் அழியும் என்பது பொதுவான எண்ணம். பைலாவில் நடந்தது வேறு. கிரியோல் தேயத் தேய, அதன் தாளம் சிங்களத்திலும் தமிழிலும் குடியேறிப் பெருகியது. பாட்டு பிழைத்ததால் மொழியும் பிழைத்தது என்று நாம் தவறாக நினைத்துவிடக் கூடாது. சுராங்கனியைப் பாடும் மாணவர் தம் விரல்கள் தட்டும் 'தகிட தகிட' எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொண்டால், மட்டக்களப்பின் தச்சரும் சிறாம்பியடியின் மூதாட்டியும் பெயரின்றி மறைந்துபோக மாட்டார்கள்.